பூட்டிய கடிதத்தை யார் திறக்கலாம்?

அஞ்சலட்டைக்கும் இன்லண்டு கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்ததே. அட்டையில் எழுதியதைத் தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவர் படிக்கலாம். பையில் கொண்டுவரும் தபால்காரர் படிக்கலாம். நாம் வீட்டில் இல்லாதபோது அதை வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் படிக்கலாம். இன்லண்டு கடிதத்தை மடித்து ஒட்டிவிட்டால், பிரித்தது தெரியாமல் படிப்பது கடினம். அதனால்தான் நம் பெரியவர்கள் "மழை பெய்தது, நடவு முடிந்தது" என்ற சேதியை அட்டையிலும், வீட்டுக் கடன் பற்றிய சேதியை ஒட்டிய கடிதத்திலும் எழுதினார்கள்.

இப்போது ஒரு கேள்வி. திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் ஓர் அக்கா, தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் தன் தம்பிக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்புகிறாள்: "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. யாரிடமும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ." இந்தச் செய்தி அஞ்சலட்டையா, ஒட்டிய கடிதமா?

அதற்குப் போடப்பட்டிருக்கும் பூட்டைப் பொறுத்தது இதன் விடை. அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது? அதைத் திறக்கும் உரிமை யாருக்கு? இந்த இரண்டாவது கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு வழக்காக எழுந்து, நாடு முழுவதும் விஞ்ஞானிகளையும் சட்ட வல்லுநர்களையும் சிந்திக்க வைத்தது. இரண்டையும் பார்ப்போம்.

செய்தி செல்லும் பாதை

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அதற்கு மேற்கே கல்லணையில் கொள்ளிடமும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் முன்பே பிரிந்துவிடுகின்றன. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை என்று பிரிந்து பிரிந்து, கடைசியில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறது. வழியில் உள்ள மதகுகளில் நீரின் அளவைப் பார்த்துக் கதவை ஏற்றி இறக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்டர்நெட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அக்காவின் கைப்பேசி செய்தியைச் சிறுசிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றின் மீதும் அனுப்பும் முகவரியையும் சேரும் முகவரியையும் எழுதுகிறது. அவை வானொலி அலைகளாக ஊரின் கோபுரத்துக்குச் செல்கின்றன. அங்கிருந்து பெரும்பாலும் கண்ணாடி இழைகளின் வழியே ஒளித் துடிப்புகளாகப் பாய்கின்றன. ஆங்காங்கே இருக்கும் ரூட்டர் என்ற கருவிகள், மதகுக் காவலரைப் போல, முகவரியைப் படித்து "நீ இந்தப் பக்கம் போ" என்று பிரித்து அனுப்புகின்றன.

தஞ்சாவூர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் செய்தி நேரே தஞ்சாவூருக்குப் போவதில்லை! செய்திப் பரிமாற்றத்தை நடத்தும் நிறுவனத்தின் கணிப்பொறிக்கு அது முதலில் போக வேண்டும். அந்தக் கணிப்பொறி வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ இருக்கலாம். அங்கிருந்து திரும்பித்தான் தம்பியின் கைப்பேசிக்கு வருகிறது. பூட்டு இல்லையென்றால், வழியில் உள்ள ஒவ்வொரு மதகிலும் அந்தச் செய்தி அஞ்சலட்டைதான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தது நமக்குத் தெரியவும் தெரியாது.

படிப்பவர் இருந்தால் பேச்சு மாறும்

"நான் தவறு ஏதும் செய்யவில்லையே, படித்தால் படிக்கட்டுமே" என்று சிலர் சொல்வதுண்டு. இதற்கு நம் நாட்டு வரலாறு நல்ல விடை தருகிறது.

1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டமும், தந்திகளையும் கடிதங்களையும் இடைமறிக்கும் அதிகாரத்தை ஆங்கில அரசுக்கு அளித்தன. 1908இல் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து 'இந்தியா' பத்திரிகையை நடத்தினார். அந்தப் பத்திரிகை ஆங்கிலேயரின் இந்தியாவுக்குள் நுழைவதை அரசு தடை செய்தது. தங்கள் ஆட்சி எல்லைக்கு வெளியே இருந்த புதுச்சேரியிலும் ஒற்றர்களை வைத்து, அங்கு தங்கியிருந்த தேசபக்தர்களைக் கண்காணித்தது. பத்திரிகை 1910இல் நின்றுபோயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்காணிப்பு ஒருவரைச் சிறையில் அடைக்காமலே அவர் வாயை அடைக்கிறது. பிறர் படிப்பார்கள் என்று தெரிந்தால் நாம் எழுதுவதே மாறிவிடுகிறது. தேர்வு அறையில் ஆசிரியர் பின்னால் நின்று பார்க்கும்போது பேனா தயங்குவதில்லையா? ஓர் ஊரில் வாய்க்கால் தூர்வாரும் வேலையில் ஊழல் நடந்தால், அதைப் பத்திரிகைக்காரரிடம் சொல்ல நினைப்பவர் முதலில் பார்ப்பது "நான் சொன்னது யாருக்கும் தெரியுமா?" என்பதைத்தான். ஆகவே கடிதத்தின் பூட்டும் பேச்சுரிமையும் ஒன்றையொன்று சார்ந்தவை.

எண்களால் ஆன பூட்டு

பூட்டு என்றால் சாவி வேண்டும். அக்காவும் தம்பியும் ஒரே சாவியை வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சாவியை எப்படி அனுப்புவது? அதுவும் அதே இன்டர்நெட்டின் வழியாகத்தானே போக வேண்டும்? வழியில் ஒற்றுக் கேட்பவர் சாவியையும் நகல் எடுத்துவிடுவாரே!

பல நூற்றாண்டுகளாக மனிதனைத் திணற வைத்த இந்தப் புதிருக்கு 1976இல் விட்பீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு வழியை வெளியிட்டனர். சாவியை அனுப்பவே வேண்டாம். இருவரும் தத்தம் இடத்தில் இருந்தபடியே ஒரே சாவியைச் செய்துகொள்ளலாம் என்று காட்டினர். எப்படி? சிறிய எண்களைக் கொண்டு நாமே செய்து பார்ப்போம்.

17, 3 என்ற இரு எண்களை எல்லோரும் அறியச் சொல்லிவிடுவோம். அக்கா தன் மனத்துக்குள் ஓர் இரகசிய எண்ணை வைத்துக்கொள்கிறாள்: 2. தம்பியின் இரகசிய எண்: 6.

அக்கா, 3ஐ 2 முறை எழுதிப் பெருக்குகிறாள். 3 × 3 = 9. அதை 17ஆல் வகுத்தால் மீதி 9. அந்த 9ஐத் தம்பிக்கு அனுப்புகிறாள்.

தம்பி, 3ஐ 6 முறை எழுதிப் பெருக்குகிறான். 729 வருகிறது. அதை 17ஆல் வகுத்தால் மீதி 15. அந்த 15ஐ அக்காவுக்கு அனுப்புகிறான்.

அக்கா, வந்த 15ஐத் தன் இரகசிய எண்ணின்படி 2 முறை எழுதிப் பெருக்குகிறாள். 225. அதை 17ஆல் வகுத்தால் மீதி 4.

தம்பி, வந்த 9ஐத் தன் இரகசிய எண்ணின்படி 6 முறை எழுதிப் பெருக்குகிறான். 5,31,441. அதை 17ஆல் வகுத்தால் மீதி 4.

பார்த்தீர்களா! இருவருக்கும் 4 என்ற ஒரே எண் கிடைத்துவிட்டது. அதுவே சாவி. வழியில் போனவை 9ம் 15ம் மட்டுமே. 4 என்ற எண் எங்கும் பயணம் செய்யவில்லை. காரணம் எளியது: இருவரும் வெவ்வேறு வழியில் 3ஐ 12 முறை பெருக்கிய மீதியையே அடைந்திருக்கிறார்கள்.

"15ஐப் பார்த்துத் தம்பியின் இரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்பீர்கள். இந்தச் சிறிய எண்களில் முடியும். ஒவ்வோர் எண்ணாக முயன்றால் சில நிமிடங்களில் விடை வந்துவிடும். ஆனால் எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவையானால், பெருக்கி மீதி காண்பது கணிப்பொறிக்கு நொடிப்பொழுது வேலை. மீதியிலிருந்து இரகசிய எண்ணுக்குத் திரும்பிச் செல்வதோ உலகின் பெரிய கணிப்பொறிகளாலும் இன்றுவரை முடியாத வேலை. நெல்லை அரிசியாக்குவது எளிது, அரிசியை மீண்டும் நெல்லாக்க முடியுமா? அதுபோன்ற ஒருவழிக் கணக்கு இது.

வாட்ஸ்அப் நிறுவனம் 2016 ஏப்ரலில் தன் எல்லாச் செய்திகளுக்கும் போட்டுமுடித்த பூட்டு இந்த அடிப்படையின் வளர்ந்த வடிவமே. இதை 'முனைக்கு முனை மறையாக்கம்' என்கிறார்கள். அக்காவின் கைப்பேசியில் பூட்டப்படும் செய்தி தம்பியின் கைப்பேசியில்தான் திறக்கப்படும். இடையிலுள்ள நிறுவனத்திடம்கூடச் சாவி கிடையாது.

சுவையான செய்தி ஒன்று. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, எண் கோட்பாட்டால் போருக்கு எந்தப் பயனும் இதுவரை காணப்படவில்லை என்று 1940இல் எழுதினார். இன்று அதே எண் கோட்பாடு, இராணுவச் செய்தி முதல் வங்கிக் கணக்கு வரை அனைத்துக்கும் காவல் நிற்கிறது!

2018 மே மாதம்

இனி வழக்குக்கு வருவோம். 2018இல், குழந்தை கடத்துவோர் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்ற பொய்ச் செய்தி தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்குக் காரில் சென்ற ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். கடத்தல்காரர்கள் என்று எண்ணிய கூட்டம் அவர்களைத் தாக்கியது. மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

அந்தப் பொய்யை முதலில் எழுதியவர் யார்? ஒருவர் பத்துப் பேருக்கும், பத்துப் பேர் நூறு பேருக்குமாக அனுப்பிய செய்தியின் தலைமதகு எங்கே? நிறுவனத்திடம் கேட்டால் "எங்களிடம் சாவி இல்லை" என்பதே விடை.

2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் போன்ற அடையாள எண்ணுடன் இணைக்க வேண்டும் என்பது அவற்றின் கோரிக்கை. நீதிமன்றம் ஆதார் இணைப்பை ஏற்கவில்லை. ஆனால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்ற கேள்வியை விஞ்ஞானிகளிடம் கேட்டது.

2019இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி, முடியும் என்று அறிக்கை அளித்தார். ஒவ்வொரு செய்தியுடனும் முதலில் எழுதியவரின் அடையாளத்தை ஒட்டி அனுப்பலாம். அந்த அடையாளத்தையும் பூட்டிவைத்து, நீதிமன்ற ஆணை வந்தால் மட்டும் நிறுவனம் திறந்து காட்டலாம் என்பது அவர் யோசனை. பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். தேர்ந்த குற்றவாளி அந்த அடையாளத்தைப் போலியாக மாற்றிவிட முடியும். அப்போது குற்றமற்ற ஒருவர் மாட்டிக்கொள்வார் என்று சுட்டிக்காட்டினார். வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது.

துளிக்குத் துளி முத்திரை

இரு பேராசிரியர்களும் வாதிட்டது எதைப் பற்றி என்பதைக் காவிரி நீரைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கடைமடை வயலில் ஒரு குவளைத் தண்ணீரை அள்ளி, "இது மேட்டூரிலிருந்து வந்ததா, நேற்றுப் பெய்த மழையா?" என்று கேட்டால், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால், புறப்படும்போதே ஒவ்வொரு துளிக்கும் முத்திரை குத்தியிருக்க வேண்டும்.

செய்திக்கும் இதே கதிதான். எந்தச் செய்தி நாளை வதந்தியாக மாறும் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரு பொய்யின் தலைமதகைக் கண்டறிய வேண்டுமானால், கோடிக்கணக்கான மக்களின் எல்லாச் செய்திகளுக்கும் முன்கூட்டியே முத்திரை குத்த வேண்டும். அப்பாவின் உடல்நிலை பற்றி அக்கா எழுதியதும் அதில் அடங்கும். ஊழலைப் பற்றிப் பத்திரிகைக்காரருக்கு எழுதியவரின் செய்தியும் அடங்கும்.

செய்தியைப் படிக்காமலே, அதிலிருந்து கணக்கிட்ட ஒரு 'கைரேகை எண்ணை' மட்டும் சேமித்து வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு குணம் உண்டு: செய்தியில் ஒரு புள்ளி கூடினாலும் கைரேகை எண் முழுவதும் மாறிவிடும். பொய்யைப் பரப்புபவர் ஒரு காற்புள்ளியைச் சேர்த்தால் போதும், தடம் அறுந்துவிடும். வேறொரு சிக்கலும் இருக்கிறது. எங்கோ படித்த செய்தியைத் தன் கையால் மீண்டும் தட்டி அனுப்பும் அப்பாவி 'முதலில் அனுப்பியவர்' ஆகிவிடுவார்.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், பெரிய செய்திப் பரிமாற்ற நிறுவனங்கள் கடுமையான குற்றங்களில் ஆணை கிடைத்தால் முதலில் அனுப்பியவரைக் கண்டறிந்து சொல்ல வேண்டும் என்றன. அதே ஆண்டு மே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. 2024 ஏப்ரலில் நடந்த விசாரணையில், பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் சேவையை நடத்த இயலாது என்று அதன் வழக்கறிஞர் கூறினார். அரசின் வாதத்திலும் பொருள் இருக்கிறது: உயிர் பறிபோன குடும்பத்துக்கு நியாயம் வேண்டாமா? உண்மையில் வழக்கின் கடினமே இதுதான். பூட்டு என்பது கணக்கு. கணக்குக்கு நல்லவர், கெட்டவர் தெரியாது. நீதிபதிக்காகச் செய்யும் மாற்றுச் சாவி திருடன் கையில் கிடைத்தாலும் அதே கதவைத் திறக்கும்.

பூட்டு மறைக்காதவை

பூட்டினால் எல்லாம் மறைந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். கடிதத்தை ஒட்டினாலும் அதன் மேலே முகவரியும் தபால் முத்திரையும் வெளியே தெரிகின்றன அல்லவா? யார் யாரிடம், எப்போது, எத்தனை முறை பேசினார்கள் என்ற மேலுறைச் செய்திகள் நிறுவனங்களுக்குத் தெரியும். நள்ளிரவில் ஒருவர் மருத்துவமனைக்கும், உடனே சொந்தக்காரர்கள் பத்துப் பேருக்கும் பேசினால், பேச்சைக் கேட்காமலே நடந்ததை ஊகிக்கலாம். அமெரிக்க உளவு நிறுவனம் தொலைபேசி அழைப்புகளின் இத்தகைய குறிப்புகளைப் பெருமளவில் திரட்டிவந்ததை 2013இல் எட்வர்டு ஸ்னோடன் வெளிப்படுத்தினார்.

மேலும், பூட்டு காப்பது வழியைத்தான், வீட்டை அல்ல. கைப்பேசிக்குள்ளேயே உளவு மென்பொருள் புகுந்துவிட்டால், நாம் படிப்பதை அதுவும் படிக்கும். பெகாசஸ் என்ற மென்பொருள் பற்றிய புகார்களை ஆராய 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. குழு ஆராய்ந்த 29 கைப்பேசிகளில் 5இல் ஏதோ தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய இயலவில்லை.

காவல்துறையும் பூட்டின்முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. செய்தியைப் பெற்றவர் தாமே முன்வந்து காட்டலாம், சட்டப்படி கைப்பற்றிய கைப்பேசியை ஆராயலாம், சாட்சிகளை விசாரிக்கலாம். பரவும் வேகத்தைக் குறைக்கவும் வழி உண்டு. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. யார் எழுதியது என்று பார்க்காமலே மடையைச் சிறிதாக்கிய வழி இது.

இதற்கு நேர்மாறானது தலைமதகையே அடைப்பது. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்டர்நெட்டே நிறுத்தப்பட்டது. வதந்தி நின்றது போலவே, வீட்டார் நலமா என்று விசாரிக்கும் சேதியும் நின்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

இணையத்தில் எரிச்சலூட்டும்படி எழுதினாலும் சிறை என்று ஒரு சட்டப் பிரிவு இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அது. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர், ட்விட்டரில் எழுதிய சில சொற்களுக்காக அதன்கீழ் கைது செய்யப்பட்டார். ஷ்ரேயா சிங்கல் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அந்த உரிமையில் அரசு தலையிடவே கூடாது என்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. ஒரு குற்றவாளியைத் தேட எல்லோர் செய்திக்கும் முத்திரை குத்துவது இந்த மூன்றாவது அளவுகோலில் தேறுமா? இதுதான் பூட்டு வழக்கின் மையக் கேள்வி.

1885, 1898ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அஞ்சலகச் சட்டமும் வந்துள்ளன. அவற்றிலும் இடைமறிக்கும் அதிகாரம் தொடர்கிறது. அதே ஆண்டு இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் பற்றியும் பேசுகிறது! 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அவர்கள் இணையத்தில் செய்வதைத் தொடர்ந்து கவனித்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது அது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக அமலுக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன.

அத்திமூரில் அந்தக் குடும்பம் தாக்கப்படுவதற்கு முன், அந்தப் பொய் பலருடைய கைகளைக் கடந்து வந்திருந்தது. அவர்களில் ஒவ்வொருவரும் தம் மடையை அடைத்திருக்கலாம். அதற்குச் சாவியும் வேண்டாம், ஆணையும் வேண்டாம். நாளை உங்களுக்கும் ஒரு செய்தி வரும். "உடனே எல்லோருக்கும் அனுப்பு" என்று அதன் கடைசியில் எழுதியிருக்கும். யார் சொன்னது, எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று அதனிடம் கேளுங்கள். விடை இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும்.

செய்து பாருங்கள்: பொது எண்கள் 23, 5. உங்கள் இரகசிய எண் 3. உங்கள் நண்பரின் இரகசிய எண் 7. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அனுப்பும் எண்கள் யாவை? கிடைக்கும் சாவி எது?

(விடை: நீங்கள் அனுப்புவது 10, நண்பர் அனுப்புவது 17, சாவி 14.)